ஆயிரம் இருந்தால் அருகே வா!

“எத்தனை பீஸுங்க?”

திருப்பூரில் ஆடை செய்யக் கொடுக்கப் போகிறவர் காதில் விழும் முதற் கேள்வி இது. என்ன துணி என்பது பிறகு. என்ன நிறம் என்பது பிறகு. என்றைக்கு வேண்டும் என்பது அதற்கும் பிறகு. எண்ணிக்கைதான் முதலில்! எண் பெரிதாயிருந்தால் நாற்காலி வரும், தேநீர் வரும், மாதிரித் துணிக் கட்டு வரும். எண் சிறிதாயிருந்தால் ஒரு புன்னகை வரும். புன்னகைக்குப் பின்னால் ஒரு சொல் வரும். மினிமம்!

அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் இன்று தோழர்களோடு பேச விரும்புகிறோம். நாலெழுத்துச் சொல். ஆனால் எத்தனை பேர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தியிருக்கிறது! சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு ஒரே மாதிரிச் சட்டை வேண்டுமென்று ஆசைப்பட்ட கிளைச் செயலாளர், ஊர்க் கபடிக் குழுவுக்குப் பனியன் எடுக்கப் போன இளைஞர், பல ஆண்டு மெஷின் முன் குனிந்து முதுகு வளைந்தபின் சொந்தப் பெயரில் நாலு டஜன் விற்றுப் பார்க்கலாமென்று துணிந்த டெய்லர் — இத்தனை பேரும் அந்தச் சொல்லின் முன் நின்று திரும்பியவர்கள்.

கிளைச் செயலாளர் ஒருவர் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். பேச்சு இப்படித்தான் நடக்கும்:

“வாங்கண்ணா, உக்காருங்க. எத்தனை பீஸுங்க?”

“அறுபது வேணும் தம்பி. சிவப்புல இருபது, கறுப்புல இருபது, நீலத்துல இருபது. நெஞ்சுல சங்கத்துப் பேரு வரணும்.”

“அறுபதுங்களா? கலருக்கு மினிமம் முந்நூறுங்கண்ணா.”

“முந்நூறா! எங்க கிளையில மொத்தமே அறுபது பேருதானப்பா!”

“என்னங்கண்ணா பண்றது? சாயப்பட்டறையில எடுக்க மாட்டேங்கறாங்களே!”

எழுந்து வருகிறார் செயலாளர். ‘காசைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறேன், செய்ய மாட்டேன் என்கிறான். ஆயிரம் இருந்தால் அருகே வா, அறுபது என்றால் அப்பாலே போ — இதுதானே இவர்கள் நியாயம்!’ என்று குமுறுகிறார்.

குமுறல் நமக்குப் புரிகிறது. ஆனால் தோழர்களே, குமுறல் வேறு, கணக்கு வேறு. ஏன், எதனால், எவரால் என்று கேட்டுப் பழகியவர்கள் நாம். அந்தக் கேள்வியை இங்கேயும் கேட்போம். பிறகு கோபப்பட வேண்டிய இடம் எது என்று நமக்கே தெரிந்துவிடும்.

தொட்டி சொல்லும் கணக்கு

நூலிலிருந்து தொடங்குவோம். பனியன் துணி பின்னும் வட்ட மெஷினைப் பார்த்திருப்பீர்கள். தறியைப் போல் பாவும் ஊடையும் அதற்கில்லை. சுற்றிச் சுற்றிப் பின்னுவது அது. 30 அங்குல விட்டமுள்ள மெஷினில் நூல் ஊட்டும் இடங்கள் மட்டும் தொண்ணூறைத் தொடும். இடத்துக்கு ஒரு கோன். ஒரு கிலோ துணி வேண்டுமென்றாலும் அத்தனை கோனையும் ஏற்றித்தான் ஆகவேண்டும். ஆயிரம் கிலோ வேண்டுமென்றாலும் அதே கோன்கள்தாம். மெஷினுக்கு நம்மிடம் பகையுமில்லை, பரிவுமில்லை!

அடுத்தது சாயம். செயலாளரைத் திருப்பி அனுப்பிய இடமே இதுதான். நடுத்தரக் கனமுள்ள பின்னல் துணியில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ நாலு முதல் ஐந்து அரைக்கைப் பனியன் கிடைக்கும். இருபது பனியனுக்கு எவ்வளவு துணி? நாலு கிலோ, மிஞ்சிப் போனால் ஐந்து கிலோ. சாயப்பட்டறையில் நிற்கும் மெஷின் எவ்வளவு கொள்ளும்? 100 கிலோ, 250 கிலோ, 500 கிலோ என்று கொள்ளும். ஊறுகாய் போடும் ஜாடியில் நாலு எலுமிச்சம்பழம் போட்டால் ஜாடி என்ன செய்யும்? அடியில் உருளும்! அதுபோல 100 கிலோ தொட்டியில் ஐந்து கிலோத் துணியைப் போட்டால், துணிக்கு வேண்டியதற்கு மேல் பல மடங்கு தண்ணீர் ஓடும். சாயம் கரைந்து வீணாகும். நிறமும் சொன்னபடி ஏறாது. நேரமோ அதே நேரம். வெளுக்கவேண்டும், சாயமேற்றவேண்டும், உப்பும் சோடாவும் சேர்க்கவேண்டும், அலசவேண்டும், மீண்டும் அலசவேண்டும் — ஒரு ஷிப்டையே விழுங்கும் வேலை. சிவப்பு முடிந்து நீலம் என்றால் தொட்டியைக் கழுவவேண்டும்.

கழுவிய தண்ணீர் எங்கே போகிறது? ஒரு காலத்தில் நொய்யலில் போயிற்று! ஒரத்துப்பாளையத்தில் 1992-இல் கட்டி முடித்த அணை, உழவனுக்குப் பாசன நீரைத் தேக்குவதற்குப் பதில் சாயக் கழிவைத் தேக்கியது. நிலம் கெட்டது; கிணறு கெட்டது; கால்நடை குடிக்கும் நீரும் கெட்டது. நொய்யல் பாசன உழவர்கள் வழக்காடினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி ஆணையிட்டது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தினால்தான் பட்டறை ஓடலாம் என்ற நிலை வந்தது. நல்லதே! உழவன் வயலை உவராக்கி உடுக்கும் ஆடை எதற்கு? ஆனால் அந்தச் சுத்திகரிப்புக்கு ஆகும் மின்சாரமும் எரிபொருளும் பட்டறைச் செலவில் ஏறின. தொட்டி முக்கால் நிரம்பாமல் நெருப்பு மூட்டக் கூடாது என்ற கணக்கு இன்னும் இறுகியது. ‘கலருக்கு முந்நூறு’ என்றாரே அந்தத் தம்பி, அது 60 முதல் 75 கிலோத் துணி. 100 கிலோ தொட்டி முக்கால் நிரம்புகிற அளவு. எண் எங்கிருந்து வந்தது என்று தெரிகிறதல்லவா? ஆணவத்திலிருந்து வரவில்லை, அண்டாவிலிருந்து வந்தது!

அடுத்து வெட்டு. துணியை அடுக்கடுக்காய் விரித்து, மேலடுக்கில் வடிவம் வரைந்து, ஒரே வெட்டில் நூறு அடுக்கும் அறுக்கிறார் கட்டிங் மாஸ்டர். ஐந்து அடுக்குக்கும் அதே வரைவு, அதே வெட்டு. அச்சுக்குப் போனால் நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன். கழுத்தில் வைக்கும் லேபிளுக்குப் போனால் அங்கேயும் ஒரு மினிமம். நிறம் கேட்டு ஜிப் வாங்கப் போனால் அங்கேயும் ஒரு மினிமம்!

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. செயலாளர் ‘அறுபது’ என்றார். அது அறுபதா? மூன்று நிறம், நிறத்துக்குச் சிறிது, நடுத்தரம், பெரிது, மிகப் பெரிது என்று நாலு அளவு. ஆகப் பன்னிரண்டு கட்டு. கட்டுக்கு ஐந்து சட்டை. வாயால் ஓர் அறுபது சொன்னார்; வேலையில் அது பன்னிரண்டு ஐந்துகள்!

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் பாட்டிமார் சொன்ன கணக்குத்தான் இது. சரக்கு சிறிதானாலும் சுமைகூலி சிறிதாவதில்லை. மாதிரி வெட்டுவது, ஸ்கிரீன் செய்வது, மெஷினை மாற்றிக் கட்டுவது, தொட்டி கழுவுவது — இவ்வளவுக்கும் சேர்த்து 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். விலைப்பட்டியல் அல்ல இது. விளங்குவதற்காகச் சொல்லும் எண். 60 சட்டை என்றால் சட்டைக்கு 100 ரூபாய் இந்தச் சுமை. 300 என்றால் 20 ரூபாய். 1,000 என்றால் 6 ரூபாய். 6,000 சட்டை என்றால் ஒரே ஒரு ரூபாய்! சுமை குறைந்ததா? இல்லை. சுமக்கும் தோள்கள் கூடின.

ஆகவே மினிமம் என்பது சுவரல்ல தோழர்களே! ‘இந்தச் சுமையை யார் தூக்குவது?’ என்ற கேள்விக்குத் தொழிற்சாலை எழுதி வைத்திருக்கும் விடை அது. விடை சரியா, தவறா என்று பார்க்கலாம். முதலில், அங்கே ஒரு கேள்வி இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும்.

பேரெண் பிறந்த கதை

இந்தப் பெரிய எண்கள் எங்கே பிறந்தன? போர்க்களத்தில்! வீட்டுக்கு வீடு, ஆளுக்கு ஆள் அளவெடுத்துத் தைத்த காலத்தில் எவரும் ‘ஆயிரம் இருக்கிறதா?’ என்று கேட்டதில்லை. பிரான்சு நாட்டில் பார்தெலமி திமோனியே என்னும் ஏழைத் தையற்காரர் 1830-இல் தம் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். எதற்குப் பயன்பட்டன அந்த இயந்திரங்கள்? படைவீரர்களுக்குச் சீருடை தைக்க! ஒரே துணி, ஒரே நிறம், ஒரே வெட்டு, ஆயிரக்கணக்கில். ‘எங்கள் பிழைப்பில் மண் விழுகிறதே’ என்று பாரிசு நகரத் தையற்காரர்கள் உள்ளே புகுந்து அந்த இயந்திரங்களை உடைத்து நொறுக்கினார்கள். இயந்திரம் உடைந்தது, கணக்கு உடையவில்லை. 1851-இல் அமெரிக்காவில் ஐசக் சிங்கர் காப்புரிமை பெற்ற மெஷின் உலகம் முழுதும் வீடு புகுந்தது. நம் தையற்கடைகளில் ‘சிங்கர்’ என்ற பெயரே மெஷினுக்குப் பெயராகி நிலைத்தது.

திருப்பூருக்கு வருவோம். உள்நாட்டுப் பனியனும் ஜட்டியும் செய்துகொண்டிருந்த ஊருக்கு, 1970களின் இறுதியில் இத்தாலி நாட்டு வணிகர் வழியே ஏற்றுமதி வாசல் திறந்தது. 1980களில் ஐரோப்பியப் பெருங்கடைகள் வந்தன. நாடு நாடாக அளவு வைத்து ஏற்றுமதியைக் கட்டுப்படுத்திய உலக ஒப்பந்தம் 2004-ஆம் ஆண்டின் முடிவோடு மறைந்தது. அதன்பின் பெருங்கடைகள் கேட்ட எண்கள் ஆயிரத்திலிருந்து இலட்சத்துக்கு ஏறின. பெரிய எண்ணுக்குப் பெரிய கட்டடம், பெரிய தொட்டி, பெரிய கடன்!

பெரிய எண்ணை நம்பியவர்கள் நிம்மதியாய் இருந்தார்களா? 2020-இல் கொரோனா வந்தது. தைத்து, மடித்து, பெட்டியில் அடைத்து வைத்த சரக்கையே வேண்டாமென்று மறுத்தன வெளிநாட்டுக் கடைகள் பல. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்கள்மீது அமெரிக்கா 50 விழுக்காடு வரி விதித்தது. அமெரிக்க ஆர்டரையே நம்பியிருந்த கூடங்கள் திகைத்து நின்றன. ஒரே பண்ணையார் நிலத்தைக் குத்தகைக்கு உழுபவன் நிலைதான் ஒரே கடைக்காரனின் ஓர் இலட்சத்தை நம்பியவன் நிலையும். பண்ணையார் முகம் சுளித்தால் பானையில் சோறில்லை!

நூறு நூறாகப் பத்துப் பேரிடம் வாங்குகிறவன், ஒருவன் போனாலும் ஒன்பது பேரோடு நிற்பான். ஆகையால் சிறு ஆர்டர் என்றதும் முகம் திருப்புவது முதலாளிக்கே நன்மையல்ல. இதையும் இடித்துச் சொல்லத்தான் வேண்டும்.

சுமை இறங்கும் தோள்

இப்போது வருவோம் கோபப்பட வேண்டிய இடத்துக்கு.

‘சரி, சிறு ஆர்டரும் எடுக்கிறோம்’ என்று ஒருவர் சொல்கிறார். விலையையும் ஏற்றவில்லை. மகிழ்ச்சியோடு கொடுத்துவிட்டு வருகிறோம். அந்த நூறு ரூபாய்ச் சுமை என்ன ஆயிற்று? காற்றில் கரைந்ததா? கரையாது தோழர்களே! பெருங்கடைக்காரன் ஏற்றுமதியாளர் தலையில் வைப்பான். ஏற்றுமதியாளர் ஜாப் ஒர்க் எடுப்பவர் தலையில் வைப்பார். அவர் பவர் டேபிள் நடத்துபவர் தலையில் வைப்பார். பவர் டேபிள்காரர் யார்? பல இடங்களில் நேற்றுவரை டெய்லராக இருந்தவர்தான். உழவு வேலையிலிருந்து வந்து, பனியன் கம்பெனியில் கூலியாக நின்று, பிறகு சிறு முதலாளி ஆனவர்கள் திருப்பூரில் ஏராளம் என்று சரத் சாரி என்னும் ஆய்வாளர் 2004-இல் ஒரு முழு நூலே எழுதியிருக்கிறார். அப்படிப்பட்டவர் தம் தலைச் சுமையை எங்கே இறக்குவார்? தமக்குக் கீழே இருக்கும் ஒரே தோள்மேல் இறக்குவார். அது பீஸ் ரேட் தொழிலாளியின் தோள்!

எப்படி? கேளுங்கள். கழுத்துப் பட்டி வைக்கும் ஓர் அக்கா. ஒரு பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. பழகிய மாடல் என்றால் கை பறக்கும். மாலைக்குள் நல்ல எண்ணிக்கை எடுத்துவிடுவார். புது மாடல் வந்தால்? நூல் மாற்றவேண்டும். மெஷின் திருத்தவேண்டும். ‘மாதிரி ஓகே ஆகட்டும்’ என்று காத்திருக்கவேண்டும். முதல் நாள் கை தயங்கும். இரண்டாம் நாள் பழகும். மூன்றாம் நாள்தான் பறக்கும். ஐந்தாயிரம் பீஸ் ஆர்டர் என்றால் பறக்கும் நாள்கள் பல உண்டு, இழந்ததை எடுத்துவிடலாம். நூறு பீஸ் ஆர்டர் என்றால் கை பழகுவதற்குள் ஆர்டரே முடிந்துவிடும்! மறுநாள் வேறு மாடல். மீண்டும் தயக்கம். மீண்டும் காத்திருத்தல். காத்திருந்த நேரத்துக்கு பீஸ் ரேட்டில் கூலி உண்டா? தைத்த பீஸுக்குத்தானே கூலி!

இங்கேதான் ஒளிந்திருக்கிறது அந்த 6,000 ரூபாய்!

தொட்டிக்காரருக்கு மினிமம் உண்டு. லேபிள்காரருக்கு மினிமம் உண்டு. ஜிப் விற்பவருக்கு மினிமம் உண்டு. பின்னுபவருக்கு உண்டு, அச்சிடுபவருக்கு உண்டு. தம் அளவுக்குக் குறைந்தால் வேலை தொடமாட்டேன் என்று ஒவ்வொருவரும் சொல்லலாம். சொல்ல முடியாமல் மௌனமாய் நிற்பது எது? அந்த அக்காவின் ஒரு நாள்! துணிக்குக் குறைந்த அளவு வகுத்தவர்களே, அந்தத் துணியைத் தைக்கும் கைக்குக் குறைந்த கூலி எங்கே?

சிறு அளவு வந்துவிட்டாலே சிறியவனுக்கு விடிவு வந்துவிடும் என்று சிலர் பேசுகிறார்கள். சீனத்தைப் பாருங்கள். அங்கே தோன்றிய ஷீன் என்னும் ஆடை நிறுவனம், ஒரு மாடலுக்கு முதலில் நூறு, இருநூறு உருப்படி மட்டுமே செய்யச் சொல்கிறது, விற்றால் மேலும் கேட்கிறது, விற்காவிட்டால் விட்டுவிடுகிறது. மினிமம் என்ற மதிலை இடித்துவிட்ட மாவீரன் போலத் தோன்றுகிறதல்லவா? சுவிட்சர்லாந்தின் ‘பப்ளிக் ஐ’ என்னும் அமைப்பு, அந்த நிறுவனத்துக்குத் தைத்துக் கொடுக்கும் குவாங்சோ நகரப் பட்டறைகள் சிலவற்றை ஆராய்ந்து 2021-இல் எழுதியது. என்ன கண்டது? பீஸ் ரேட்டுக்கு வாரம் 75 மணி நேரம் உழைக்கும் தொழிலாளர்களைக் கண்டது! வாங்குபவனுக்கு எண் இறங்கியது. தைப்பவனுக்கு மணி ஏறியது. எண்ணிக்கையைக் குறைப்பது மட்டும் நீதியாகாது. குறைத்ததால் வந்த சுமையை யார் தலையில் வைத்தோம் என்பதில்தான் நீதி இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? பீஸ் ரேட் என்றால் வானத்தையும் விலைபேசலாம் என்று எவரும் எண்ணவேண்டாம். 1948-ஆம் ஆண்டுக் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தெளிவாகச் சொன்னது: நேரத்துக்கு இவ்வளவு என்று குறைந்தபட்சக் கூலி வகுக்கப்பட்ட தொழிலில், ஒருவரை உருப்படிக் கூலிக்கு வைத்தாலும் அந்த நேரக் கூலிக்குக் குறையாமல் தரவேண்டும். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இந்தப் பாதுகாப்பு இருக்கிறது. மெஷின் மாற்றக் காத்திருந்த நேரம் கணக்கில்லை என்று எவராவது சொன்னால், சங்கத் தோழர்கள் இந்த ஒரு வரியை எடுத்து மேசைமேல் வைக்கலாம். சட்டம் ஏட்டில் தூங்கும். தட்டி எழுப்ப ஆள் வேண்டும்!

ஊர் கூடித் தேர் இழுப்போம்

அப்படியானால் அந்த அறுபது சட்டைக்கு வழி இல்லையா? உண்டு. ஒன்றல்ல, பல உண்டு. தொழிலின் கணக்கை அறிந்தவனுக்குக் கதவு திறக்கும்.

நம் செயலாளர் மறுபடி போகட்டும். இம்முறை ‘மூன்று நிறம்’ என்று சொல்லவேண்டாம். ‘ஒரே நிறம்’ என்று சொல்லட்டும். புதிதாகச் சாயமேற்று என்று சொல்லவேண்டாம். ‘உங்களிடம் இருப்பில் உள்ள துணியில் எந்த நிறம் இருக்கிறது?’ என்று கேட்கட்டும். அந்த ஒரு கேள்வியில் நூல், பின்னல், சாயம் என்ற மூன்று மினிமங்களும் வழியைவிட்டு விலகும்! வெட்டும் தையலும் அச்சும் மட்டுமே மிச்சம். அதற்கும் கீழே இறங்கவேண்டுமா? திருப்பூர் காதர்பேட்டை போன்ற சந்தைகளில் தைத்து முடித்த வெற்றுப் பனியன்களையே எடுத்து, அச்சு மட்டும் போட்டுக்கொள்ளலாம். அச்சிலும் வழி உண்டு. ஸ்கிரீன் இல்லாமல், எழுத்தைப் படலத்தில் அச்சிட்டுச் சூடாக்கி ஒட்டும் முறை இப்போது பரவியிருக்கிறது. அதில் ஒன்று போட்டாலும் ஒன்றுதான், நூறு போட்டாலும் நூறுதான். பெரிய எண்ணுக்கு ஸ்கிரீனே மலிவு. சிறிய எண்ணுக்குப் படலமே மலிவு.

‘இல்லை, எங்கள் கொடியின் நிறமேதான் வேண்டும், எங்கள் வெட்டேதான் வேண்டும்’ என்றால்? அப்போது சுமையை வெளிப்படையாகக் கேட்டு வாங்குங்கள். ‘தயாரிப்புச் செலவு தனியாக எவ்வளவு? தையற்கூலி தனியாக எவ்வளவு? எழுதிக் கொடுங்கள்’ என்று கேளுங்கள். மொத்தமாக ஒரு விலை சொன்னால் அதற்குள் யாருடைய வியர்வை திருடப்பட்டிருக்கிறது என்று நமக்குத் தெரியாது. பிரித்துச் சொன்னால் தெரியும். தயாரிப்புச் செலவை நாமே தருவோம். தைப்பவர் கூலியில் அது கழியவேண்டாம். கூடுதலாக நாலு ரூபாய் கொடுத்து நேர்மையான சட்டையைப் போடுவது, நாலு ரூபாய் மிச்சம் பிடித்து இன்னொரு தொழிலாளியின் அரை நாளை உடம்பில் போர்த்துக்கொள்வதைவிட மேல். தொழிலாளர் உரிமை என்று நெஞ்சில் எழுதிய சட்டையைத் தைத்தவருக்கே உரிமைக் கூலி கிடைக்கவில்லை என்றால், அந்த எழுத்துக்கு என்ன பொருள்?

மூன்றாவது வழி ஒன்று உண்டு. அதுதான் நம் வழி. ஓர் ஊர்க் கிளைக்கு அறுபது. பக்கத்து ஊர்க் கிளைக்கு நாற்பது. அடுத்த ஊருக்கு எண்பது. அதற்கடுத்ததற்கு நூற்றிருபது. கூட்டுங்கள்: முந்நூறு! எந்த எண் நம்மைத் தனித்தனியே திருப்பி அனுப்பியதோ, அந்த எண் நாம் ஒன்றாய்ச் சென்றால் நமக்கு நாற்காலி போடுகிறது. நெஞ்சில் வரும் கிளைப் பெயர் மட்டும் வேறு. துணி ஒன்று, சாயம் ஒன்று, வெட்டு ஒன்று. ஊர் கூடித் தேர் இழுப்பது என்பது இதுதானே!

புதிய தத்துவம் அல்ல இது. 1844-இல் இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் நெசவு நகரில் 28 பேர், நெசவாளர்களும் மற்றத் தொழிலாளர்களுமாக, ஆளுக்கு ஒரு பவுன் சேர்த்து ஒரு கடை திறந்தார்கள். அந்த ஒரு பவுனைக் கூட வாரவாரம் சில்லறையாய்ச் சேமித்தார்கள். மாவு, சர்க்கரை, வெண்ணெய், மெழுகுவத்தி — இவ்வளவுதான் சரக்கு. தனித்தனியே போனால் கலப்படச் சரக்கும் கொள்ளை விலையும். சேர்ந்து மொத்தமாய் வாங்கினால் நல்ல சரக்கு, நியாய விலை. அந்தச் சிறு கடையை முன்மாதிரியாக்கிக் கூட்டுறவு இயக்கம் உலகெங்கும் பரவியது. நம் நாட்டிலும் 1935-இல் தொடங்கிய கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் — கோ-ஆப்டெக்ஸ் என்றால் எல்லோருக்கும் தெரியும் — ஊர் ஊராய்ச் சிதறிக் கிடந்த தறிகளின் சேலைகளை ஒரே பெயரில் கடைக்குக் கொண்டுவந்தது. ஒற்றைத் தறி தனியே போய்ப் பெருங்கடையில் பேசமுடியுமா? ஆயிரம் தறி சேர்ந்து பேசலாம்!

சொந்தமாக ஒரு பெயர் வைத்துப் பனியன் விற்க நினைக்கும் டெய்லர் தோழருக்கும் இதையே சொல்லுகிறோம். கடன் வாங்கி ஆயிரம் அடித்து வீட்டில் அடுக்கிவிட்டு, விற்காமல் விழிக்கவேண்டாம். ஒரு நிறம், ஒரு மாடல், இருப்புத் துணி, நூறு உருப்படி — முதலில் அது விற்கட்டும். மாதிரி ஒன்றைத் தைத்து, துவைத்துப் பார்த்து, சுருங்கிய அளவைக் குறித்துக்கொண்டு பிறகு கொடுக்கட்டும். ஆர்டருக்கு மேலும் கீழும் நூற்றுக்கு மூன்று, ஐந்து உருப்படி மாறுவது தொழிலில் வழக்கம். அதை முன்பே எழுதிக்கொள்ளட்டும். இன்னும் நாலு டெய்லர்கள் அதே கனவோடு அலைகிறார்கள்; அவர்களைத் தேடிப் பிடித்து ஒரே தொட்டியில் ஐவர் துணியும் வேகட்டும். ஐவருக்கும் ஐந்து பெயர் இருக்கலாம்; தொட்டிக்குப் பெயர் தெரியாது!

அரசுக்கும் ஒரு சொல் உண்டு. மாதிரிச் சாயத்துக்கென்று பத்துக் கிலோ, இருபத்தைந்து கிலோ கொள்ளும் சிறு தொட்டிகள் தொழிலில் இருக்கின்றன. அவற்றைச் சிறு உற்பத்தியாளர் வாடகைக்குப் பயன்படுத்தும் பொதுக் கூடமாக, கழிவு நீர்ச் சுத்திகரிப்போடு அமைத்துக் கொடுத்தால், நொய்யலும் கெடாது. நூறு பேர் கனவும் கெடாது. பெரிய ஆலைக்குச் சாலை போடும் கை, சிறு டெய்லருக்கு ஒரு சிறு தொட்டி வைத்துத் தரட்டுமே!

தோழர்களே! நாளை நீங்கள் ஆடை செய்யக் கொடுக்கப் போவீர்கள். “எத்தனை பீஸுங்க?” என்று கேட்பார்கள். தலை குனியவேண்டாம், சினந்து எழுந்து வரவும் வேண்டாம். எண்ணைச் சொல்லுங்கள். எண் போதாது என்றால் கணக்கைக் கேளுங்கள். கணக்கு சரியென்றால் கூட்டாளிகளைச் சேருங்கள். எல்லாம் பேசி முடித்த பிறகு இன்னொரு கேள்வியையும் மறக்காமல் கேளுங்கள்: “இதைத் தைக்கிறவங்களுக்குப் பீஸுக்கு எவ்வளவுங்க?”

தொட்டிக்கு ஒரு மினிமம் உண்டென்றால், தோளுக்கும் ஒரு மினிமம் உண்டு. முன்னதை அவர்கள் சொல்லட்டும். பின்னதை நாம் சொல்லுவோம். ஒரே குரலாய்ச் சொல்லுவோம்!